ஓடுகிற சுவிட்சைத் தொடலாமா?

ஐந்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். ஆகவே நான் மாட்டிக்கொண்ட கதையை மட்டும் சொல்கிறேன்.

2015-இல் ஒரு தொழிற்சாலையில் 12 வருடப் பழைய சுவிட்ச். ஃபிளாஷ் மெமரி மொத்தமே 8 எம்.பி. புது ஃபர்ம்வேர் உள்ளே போகணும்னா பழசை அழித்தாகணும். அழித்தேன். பாதி காப்பி ஆகும்போது கரண்ட் போச்சு. யு.பி.எஸ். பேட்டரியைப் பற்றிக் கேட்காதீர்கள்! அப்புறம் கன்சோல் கேபிளில், 9600 வேகத்தில், எக்ஸ்மோடம் மூலம் 4 எம்.பி. ஃபைலை ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நைட் ஷிஃப்ட் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து ‘ஓடுறதைத் தொடாதே’ கட்சியில் சேர்ந்துவிட்டேன். அது தப்பு என்று 2018 காட்டியது. சிஸ்கோ சுவிட்சுகளின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலிலேயே ஈரானிலும் ரஷ்யாவிலும் அந்த வசதி திறந்து கிடந்த சுவிட்சுகளில் கான்ஃபிகரேஷன் அழிக்கப்பட்டு நெட்வொர்க்குகள் படுத்தன. அதே ஓட்டை வழியாக இன்னும் ஆட்கள் நுழைகிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. ஏழு வருடம் கழித்து!

இப்போது ‘நோ வி-ஸ்டாக்’ கட்டளை போட்டு அதை நிறுத்திவிடுகிறேன். டெல்நெட் கிடையாது. நிர்வாகத்துக்குத் தனி வி.லேன். திருத்தமே வராத பழசுக்கு இந்த வேலிதான். அப்டேட் போடும் நாளில் எம்.டி.5 சரிபார்த்து, ஸ்பேர் சுவிட்சைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். அந்த ஸ்பேருக்கு மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. இந்த ஹாலிலேயே நாலைந்து மேனேஜர்கள் இருக்கிறீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்கிறேன்.