மலைச்சாரல் மழலைகளும் மானியக் கணக்கும்

தாய்மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம், பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசும்போது முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறோம். அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் குழந்தையைப் பேணுவோர் யார், அப்பணிக்குப் பொருள் எவ்வழியே வருகிறது என்பனவற்றை எண்ணுவதில்லை. பொருள் வரும் வழியோ பணியின் போக்கையே மாற்றிவிடுகிறது.

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வருகின்றனர். ஐம்பது பெண்களேனும் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் நடத்தும் பொறுப்பை, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியிடம் ஒப்படைத்தது. தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, மழலை ஆயாவின் கண்காணிப்பில் இருந்தது. நல்ல ஏற்பாடே! ஆயினும், காப்பகத்தின் உயிர் தோட்டத்தின் வருவாயைப் பற்றியே நின்றது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, இப்பொறுப்பை ஏற்க வேண்டிய நிர்வாகமே இல்லாது போயிற்று.

மற்றொரு வழி அரசின் வழி. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் இன்று தேயிலைத் தோட்டத்து லயங்களிலும், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை போன்ற தமிழ் வழங்கும் எல்லையூர்களிலும் இயங்குகின்றன. இங்கே செலவு தலைக்கணக்கில் அளக்கப்படுகிறது. குழந்தை ஒன்றின் ஒரு நாள் உணவுக்கான தொகையை மைய அரசு 2017-இல் ஆறு ரூபாயிலிருந்து எட்டு ரூபாயாக உயர்த்தியது. ஆனால், இருபத்தைந்து குழந்தைகளுக்கு மூட்டும் அடுப்பைத்தானே பத்துக் குழந்தைகளுக்கும் மூட்ட வேண்டும்? மலைப்பாதையில் அரிசி சுமக்கும் கூலியும் தலை குறைந்தால் குறைவதில்லை.

அரசு இதனை உணராமலில்லை. சமவெளியில் 400 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்றால், மலைநாட்டில் 300 பேருக்கே ஒன்று. 150 பேர் வாழும் சிற்றூருக்குச் சிறு அங்கன்வாடி. எனினும், 2018-இல் மைய அரசு ஊக்கத்தொகையை உயர்த்தியபோது, முழு நிலையப் பணியாளருக்கு 4,500 ரூபாயும் சிறு நிலையத்தவருக்கு 3,500 ரூபாயும் என்றே வகுத்தது. சிறு நிலையத்திலோ உதவியாளர் கிடையாது. சமைப்பவரும் அவரே, கற்பிப்பவரும் அவரே. ஊதியம் மட்டும் குறைவு! சிறு நிலையங்களை முழு நிலையங்களாக உயர்த்த 2023-இல் வழி வகுக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது.

காப்பகம் மூடினால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளியை விட்டு நிற்கிறாள். ஒன்றன் இழப்பு இரண்டாகிறது. ஆதலின், விடுமுறையில் ஊர் செல்லும் நாம், ஊர்க் கூட்டத்தில் எத்தனை குழந்தைகள் என்று மட்டும் கேளாது, அவர்கள் எவ்வளவு தொலைவு நடந்து வருகிறார்கள் என்றும் கேட்போமாக. கணக்கேட்டில் அந்தத் தொலைவும் ஏறும் நாளில்தான் மலைக்குழந்தைக்கு நீதி கிட்டும்.