தொண்டரையும் விசாரித்தே சேர்ப்போம்



பூதப்பாண்டியில் நம் பிள்ளைகளுக்கு மாலைதோறும் கபடியும் ஓட்டமும் கற்பிப்போர் ஊதியம் பெறுவோர் அல்லர். அத்தகையோரிடம் காவல்துறைச் சான்று கேட்பது நன்றிகேடு என்பார் நம்மிடையே உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

2021-இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் வீராங்கனைகளின் புகாரின்பேரில் கைதானார். போட்டிக்குத் தேர்வதும், வெளியூர் அழைத்துச் செல்வதும் பயிற்சியாளர் கையில் இருக்கையில், ஏழைப் பிள்ளை எளிதில் வாய் திறக்குமா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2020-இல் வகுத்த விதிகள், விளையாட்டுப் பயிற்சிக்கூட ஊழியரின் பின்னணியை அவ்வப்போது காவல்துறை வழியே சரிபார்க்கச் சொல்கின்றன. அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. ஊழியர் என்றுதான் விதி பேசுகிறது. தொண்டரை வெளிப்படக் கூறவில்லை. அந்த இடைவெளியை நாமே அடைக்க வேண்டும்.

சான்று மட்டும் போதாது. வழக்குப் பதிவானவரையே அது காட்டும். ஆகவே, முன்பு பயிற்சி அளித்த ஊரிலும் விசாரிப்போம். திடலில் எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும். பெண் பிள்ளைகளின் பயணத்தில் தாய்மார் ஒருவரேனும் உடன் செல்லட்டும்.

குறை எழுந்தால், சமுதாயத்தின் பெயர் கெடும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பது குற்றம். காவல் நிலையத்தில் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பிள்ளைகள் 1098 என்னும் எண்ணை மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

முதற் சான்றுகளைச் செயற்குழுவினராகிய நாங்களே பெற்றுத் தருகிறோம்.