முள்ளை எடுப்பதா, காலை எடுப்பதா?



"பழைய பொருளில் பழுது வந்தால் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்" என்று எதிரணியில் அம்மா அடித்துப் பேசினாங்க. அமெரிக்காவில் அவங்க தம்பியோட கார், பதினெட்டு வருஷத்துப் பழசு, ஒருநாள் காலையில் 'பார்க்'கை விட்டு நகரவே இல்லையாம். கியர்பாக்ஸே போச்சுன்னு புது வண்டி பார்க்கிறாராம். நான் கேட்கிறேன், காலில் முள் குத்தினால் முள்ளை எடுப்பீங்களா, காலை எடுப்பீங்களா? (சிரிப்பு)

ஐயா, தானே கியர் மாறும் வண்டியில் 'பார்க்' என்று ஒரு நிலை உண்டு. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் அங்கிருந்து நகரும். ஏன் அப்படி ஒரு பூட்டு? 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார் தானாகப் பாயுதுன்னு ஒரே புகார். ஆடி மாதக் காற்று இல்லீங்க, ஆடி கார்! (சிரிப்பு) 1987-இல் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பூட்டு போட்டாங்க. 1989-இல் அரசு ஆய்வு சொன்னது: பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததுதான் காரணம். காரில் விளையாடும் குழந்தை லீவரை இழுத்தால் வண்டி உருண்டுவிடும் இல்லையா? அதனால் 2008-இல் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் வந்து, 2010 செப்டம்பரிலிருந்து அங்கே தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தப் பூட்டு கட்டாயமாச்சு.

இப்போ தம்பி என்ன செய்யணும்? சாவியை 'ஆன்' வரை திருப்பி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை மிதிக்கணும். தங்கச்சி வண்டிக்குப் பின்பக்கம், கொஞ்சம் ஒதுங்கி நின்னு பார்க்கட்டும். சிவப்பு விளக்கு எரியுதா? எரியலைன்னா முதலில் பியூஸைப் பாருங்க. அதே அளவு பியூஸ்தான் போடணும். அது நல்லாயிருந்தா, பிரேக் மிதிக்கு மேலே இருக்கிற சின்ன ஸ்விட்சைப் பாருங்க. விளக்கு எரியுதா? காதைத் தீட்டிக்குங்க. மிதிக்கும்போது லீவர் பக்கம் 'டிக்'குனு சத்தம் வரணும். வரலைன்னா பூட்டைத் திறக்கிற சோலனாய்டையோ அதன் ஒயரையோ சந்தேகப்படணும். சத்தம் வந்தும் நகரலையா? லீவருக்குள்ளே ஏதாவது மாட்டியிருக்கும், கேபிள் கெட்டிருக்கும். சரிவில் நின்ற வண்டின்னா, மொத்தப் பாரமும் கியருக்குள்ளே ஒரு சின்னப் பல்லின் மேல் உட்கார்ந்து இறுகியிருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகல்லவா கியர்பாக்ஸ் பக்கம் போகணும்! நோயின் வேரைத் தேடு என்று வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்னது மெக்கானிக்குக்கும் பொருந்தும். (கைதட்டல்)

எதிரணி கேட்கலாம், "லீவர் பக்கத்திலே சின்ன மூடி இருக்கே, உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் பூட்டு விட்டுடுமே?" பல வண்டிகளில் உண்டுதான். பிரேக்கில் காலை வைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, ஒர்க்‌ஷாப் போய்ச் சேர ஒருமுறை செய்யலாம். அதையே தினமும் செய்யலாமா? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பல வண்டிகளில் அந்தப் பூட்டுக்கும் பின் விளக்குக்கும் ஒரே ஸ்விட்ச். அது செத்துப்போச்சுன்னா, நீங்க நடுரோட்டில் பிரேக் போடும்போது பின்னால் விளக்கு எரியாது. பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நீங்க நிற்பது தெரியாது! பின் சீட்டில் யார் உட்கார்ந்திருக்காங்க? நம்ம பிள்ளைங்க!

அடம் பிடிக்குதுன்னு திட்டினோமே, அந்தப் பழைய வண்டி வாசலை விட்டு நகராம நின்னு, "எனக்குப் பின்னால் வெளிச்சம் இல்லை, பார்த்துட்டு வண்டியை எடு"ன்னு வீட்டுப் பெரியவர் மாதிரி தடுத்திருக்கு. பெரியவர் தடுத்தால் காரணத்தைக் கேட்போமா, ஆளையே மாற்றுவோமா? (பலத்த கைதட்டல்)

எனவே, பழுதைப் பார்த்துச் சரிசெய்வதே புத்திசாலித்தனம் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.