பனித்தீவுக்குப் புறப்படுமுன்

பயணம் என்றதும் மக்கள் முதலிற் கேட்பவை இரண்டு வினாக்கள். தூரம் எவ்வளவு? செலவு எவ்வளவு? கொழும்புக்குப் போகின்றவருக்கு இவ்விரண்டும் போதும். ஆயின், கல்முனையிலோ, சாய்ந்தமருதிலோ, மருதமுனையிலோ வாழும் ஒரு குடும்பத்தார் ஐஸ்லாந்துக்குப் போய்வர எண்ணுவாராயின், இவ்விரண்டுக்கும் முன்னதாக மூன்றாவது வினா ஒன்று எழுகின்றது. அங்கே கதிரவன் எப்பொழுது உதிக்கும், எப்பொழுது மறையும் என்பதே அவ்வினா.

ஐஸ்லாந்து அத்திலாந்திக்குப் பெருங்கடலின் வடகோடியிலுள்ள ஒரு தீவு. பரப்பு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அங்கு வாழும் மக்களோ நான்கு இலட்சத்துக்குள் அடங்குவர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இதனை எண்ணிப் பார்த்தால், அந்நாட்டின் வெறுமையும் அமைதியும் ஓரளவு விளங்கும்.

இத்துணைத் தொலைவிலுள்ள நாட்டுக்கும் தமிழ்க் கரைக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்தல் வேண்டா. யோன் ஓலவ்சன் என்னும் ஐஸ்லாந்துக்காரர் தென்மார்க்கு மன்னனின் படையிற் பீரங்கிக்காரராய்ச் சேர்ந்து, 1622 இற் கப்பலேறித் தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே தேனியர் கோட்டையிற் பணியாற்றியபோது வெடிமருந்து வெடித்ததனாற் காயமுற்றார். பின்னர் ஊர் திரும்பி, முதுமையில், 1661 இல், தம் வரலாற்றை எழுதிவைத்தார். இந்தியாவுக்குச் சென்றவர் என்பதே அவர் நாட்டார் அவருக்கு இட்ட பட்டம். தாம் போகும் நாட்டின் வெயிலையும் மழையையும் முன்னரே கேட்டறிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. இன்று புறப்படுவோருக்கு அக்குறை இல்லை. அறிந்துகொள்ள வேண்டுவதெல்லாம், எதை முதலிற் கேட்பது என்பதுதான்.

கல்முனையில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணி நேரங்கூட ஏறி இறங்குவதில்லை. ஸுப்ஹு முதல் இஷா வரை ஐந்து வேளைத் தொழுகையும் ஏறக்குறைய ஒரே நேரங்களில் வந்து போகின்றன. ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்கியவிக்கில் நிலைமை வேறு. யூன் மாத நடுக்கூற்றுக்குப் பின் அங்கே நள்ளிரவை ஒட்டிக் கதிரவன் மறைந்து, மூன்று மணிக்கெல்லாம் மீண்டும் எழுகின்றது. செவ்வானம் முழுதும் மறைவதே இல்லை. செவ்வானம் மறையாத இரவில் இஷாவுக்கு எதனை அடையாளமாகக் கொள்வது? டிசெம்பரிலோ, முற்பகல் பதினொரு மணிக்கு மேல் உதிக்கும் கதிரவன் பிற்பகல் மூன்றரை மணிக்கே அடைந்துவிடுகின்றது. ளுஹரும் அஸரும் மஃரிபும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வருகின்றன.

தொழுகைக்கே இவ்வாறெனின், நோன்புக்கு எவ்வாறு? 2016 இல் றமழான் யூன் மாதத்தில் வந்தது. ஐஸ்லாந்து முஸ்லிம்களுட் சிலர் உள்ளூர்க் கதிரவனையே பின்பற்றி இருபது மணி நேரத்துக்கும் மேலாக நோன்பிருந்தனர். வேறு சிலர் இடைப்பட்ட ஒரு நேர அட்டவணையைக் கைக்கொண்டனர். மார்க்க அறிஞரிடையே இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உள. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும், நோன்பைப் பிற்படுத்திப் பின்னர் நிறைவேற்றவும் மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. ஆயினும், எந்தச் சலுகையை எப்பொழுது கொள்வதென்று விமான நிலையத்திலே விவாதிப்பதை விட, ஊரிலிருக்கும்போதே ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டாற் பின்னும் நன்று. ஏனெனில், விடை மாதத்தையே மாற்றிவிடக்கூடும்.

அப்படியானால் எந்த மாதம் ஏற்றது? செப்டெம்பர் 22, 23 ஆம் நாள்களை ஒட்டி உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அக்கிழமையிற் கல்முனைக்கும் ரெய்க்கியவிக்கும் பகல் பன்னிரண்டு மணி நேரமே. தொழுகை நேரங்கள் பழகிய ஒழுங்கில் வரும். இரவு போதிய அளவு இருள்வதால், வானிற் பச்சைத் திரை அசைவது போன்ற வடதுருவ ஒளியைக் காணும் வாய்ப்பும் உண்டு. கடுங்குளிர் தொடங்கியிராது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கல்முனையில் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர், அங்கே ஏறக்குறையக் கிழக்கு நோக்கி நிற்றல் வேண்டும்.

உணவுக்கு அஞ்சவேண்டியதில்லை. அந்நாட்டின் பெருஞ்செல்வம் மீன். உப்பிட்டு வெயிலிற் கருவாடு போடும் கரையோர மக்கள், உப்பின்றிக் குளிர்காற்றிலேயே மீனை உலர்த்தும் அவர்தம் முறையைக் கண்டு வியப்பர். ஆயினும் உணவுச்சாலைகளில் விலை மிக அதிகம். அரிசியும் மிளகாய்த்தூளும் உடன் இருந்தாற் செலவு பாதியாகும். மகா ஓயாவின் வெந்நீர் ஊற்றைக் கண்டவருக்கு, நிலத்தடி வெந்நீரைக் குழாய்வழிக் கொணர்ந்து வீடுகளைச் சூடாக்கும் அவர்தம் திறமை பெரியதொரு பாடமாகும்.

கடலைப் பற்றித்தான் கரையோர மக்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டும். கடலருகிற் பிறந்தவர், எந்தக் கடலும் தமக்குத் தெரிந்த கடலே என்று நம்பிவிடுவது இயல்பு. தென்கரையில், வீக் என்னும் சிற்றூரின் அண்மையில், ரெய்னிஸ்பியாரா என்றொரு கருமணற் கடற்கரை உண்டு. அமைதியாகத் தோன்றும் அக்கடலிலிருந்து திடீரெனப் பேரலை ஒன்று நெடுந்தூரம் ஏறிவந்து ஆளை இழுத்துச் செல்லும். அவ்வாறு உயிரிழந்தோர் உளர். நீந்தத் தெரிந்தவரையும் அந்நீரின் குளிர் விடாது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாளைக் கண்ட ஊர்களுக்கு, கடலின் அமைதியை நம்பலாகாது என்பதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அந்நினைவை உடன் கொண்டுபோதலே வேண்டியது.

எஞ்சியவை எழுத்து வேலைகள். ஐஸ்லாந்து 2001 முதல் சென்ஜென் நாடுகளுள் ஒன்று. விசாவுக்குப் பயணத்தின் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்களுக்குக் குறையலாகாது. முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். எரிமலைகள் உயிரோடிருக்கும் நாடாதலால், 2010 இல் நிகழ்ந்ததுபோல் விமானங்கள் தடைப்படுதலும் கூடும். திரும்பும் நாளுக்குப் பின் இரண்டொரு நாள்களும், அவற்றுக்குரிய பணமும் கையிருப்பில் இருத்தல் அறிவுடைமை.

இவ்வாறு திட்டமிடுகின்றவர் புறப்படுமுன்னரே பயணத்தின் பயனிற் பாதியைப் பெற்றுவிடுகின்றார். நாள்தோறும் பாங்கொலி கேட்டுத் தொழப்போகும் ஒருவர், தம் ஊரின் பகல் ஏன் என்றும் மாறாதிருக்கின்றது என்பதை முதன்முறையாக எண்ணிப் பார்க்கின்றார். பூமியின் சாய்வும் கதிரவனின் வழியும் அவருக்குப் பாடநூற் செய்திகளாய் இல்லாமல், தம் தொழுகையோடும் நோன்போடும் கலந்த செய்திகளாகின்றன. பணம் கூடிவராமற் பயணம் தள்ளிப்போயினும், அவ்வறிவு அவரிடமே தங்கிவிடும்.