பூட்டிய கதவும் புரளியும்



ஊரில் ஒரு கிளினிக் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தாலே, புலனத்தில் பத்துக் கதை வந்துவிடும். 2018 செப்டம்பர் 6-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சன்ஸ்பாட் சூரிய ஆய்வுக்கூடம் திடீரென மூடப்பட்டது. எஃப்.பி.ஐ. வந்தது, காரணம் வெளிவரவில்லை. வேற்றுக்கிரகவாசிகள், உளவாளிகள், சூரியப் புயல் என்று உலகமே ஊகித்தது.

17-ஆம் தேதி கூடம் திறந்தது. அங்குள்ள இணையம்வழி சிறார் ஆபாசப் படங்கள் பகிரப்பட்டதாக விசாரணை நடந்ததை நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. முன்கூட்டியே சொல்லியிருந்தால் சந்தேக நபர் உஷாராகியிருப்பார் என்றது நிர்வாகம்.

எல்லா மௌனமும் சதியல்ல. ஆனால், மௌனம் நீண்டால் புரளியே வரலாறாகிவிடும். விசாரணை முடியும்வரை பொறுப்போம். முடிந்தபின் காரணத்தைக் கேட்டு வாங்குவோம்!