குழு நடத்தத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளையும் நடத்தத் தெரியும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் மாலை நேர வகுப்புத் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், வங்கி இணைப்பு, சுழல் நிதி பற்றியெல்லாம் பேச இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். என்னை மாலை வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். “இருபது வாலுங்களை வச்சுக்கிட்டு தினமும் எப்படித்தான் சமாளிக்கிறியோ” என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்கிறீர்கள். குழு நடத்துகிற மாதிரிதான் நடத்துகிறேன். அது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு தீர்மானமும் கேட்கப் போகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் எழுத்தையே பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தை மூடத்தான் 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள். பள்ளி விட்ட பிறகு தினம் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டு வரைக்கும் என்றால் பட்டப்படிப்பு வேண்டும் என்றார்கள். முன்வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்தான்.

நம்ம குழுவிலும் 12 முதல் 20 பேர்தான். அதற்கு மேல் போனால் ஒருத்தர் பேச்சு ஒருத்தர் காதில் விழாது. பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். நமக்குச் சொல்லிக்கொடுத்த பஞ்சசூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்குப் புத்தகம். இந்த ஐந்தும் மாலை வகுப்புக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் கூட்டம். ஐந்து மணி என்றால் ஐந்து மணி. நான்கு பேர் வந்தாலும் தொடங்கிவிட வேண்டும். நாம் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மற்றவர்கள் இன்னும் மெதுவாக வருவார்கள். வட்டமாக உட்கார வைக்க வேண்டும், நாமும் அதே பாயில் உட்கார வேண்டும். வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது, அதனால் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். எடுத்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள். முதல் பத்து நிமிஷம் கைதட்டி விளையாட்டு, பாட்டு, விடுகதை. கடைசி ஐந்து நிமிஷம் யார் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பது. தெருவாரியாக அனுப்புவேன், தனியாக ஒரு பிள்ளையையும் இருட்டில் விடமாட்டேன். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்க் கேட்பேன். தவணை கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு நாம் போவதில்லையா, அது மாதிரிதான்.

இரண்டாவது, சேமிப்பு. தினம் கொஞ்சம் சேர வேண்டும். “வீட்டுப் பாடத்தை முடிச்சு அனுப்பும்மா” என்று பல அம்மாக்கள் கேட்கிறீர்கள். வாசிக்கவே தெரியாத பிள்ளை வீட்டுப் பாடத்தைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கடகடவென்று படித்தான். விரலைப் பார்த்தால் வேறு வரியில் இருக்கிறது. அத்தனையும் மனப்பாடம். பக்கத்தைத் திருப்பி வேறு இடத்தைக் காட்டினேன், ஒரு எழுத்துகூட வரவில்லை. அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. அங்கே ஐந்தாறு பாடம், ஐந்தாறு ஆசிரியர். அந்தப் பிள்ளை எழுந்து நின்று படிக்கிற முறை வராமல் பார்த்துக்கொண்டே எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்துவிடும். அப்புறம் “படிப்பு ஏறல” என்று வேலைக்கு அனுப்பிவிடுவோம். ஏறாமல் போனதற்குக் காரணம் அந்தப் பிள்ளை இல்லை.

அதனால் நான் வகுப்பைப் பார்த்து உட்கார வைப்பதில்லை. ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். எழுத்து தெரிந்தவர்கள் ஒரு பாய், வார்த்தை கூட்டுகிறவர்கள் ஒரு பாய், வாக்கியம் படிக்கிறவர்கள் ஒரு பாய், கதை படிக்கிறவர்கள் ஒரு பாய். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிக் கொல்ல வேண்டாம். ப, ட, ம மூன்றும், ட், ம் இரண்டும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு வார்த்தை அன்றைக்கே கையில் வந்துவிடும். ‘எனக்குப் படிக்க வருது’ என்று ஒரு முறை தோன்றிவிட்டால் போதும், மறுநாள் அது நமக்கு முன்னால் வந்து நிற்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படும். அதற்கு எழுத்து அட்டைகளை வைத்திருக்கிற பொறுப்பைக் கொடுத்துவிடுவேன். அட்டையை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அதுவும் படித்துக்கொள்ளும்.

மூன்றாவது, உள்கடன். வெளியில் கந்து வட்டிக்குப் போகாமல் நமக்குள்ளேயே கொடுத்து வாங்கினோம் இல்லையா? பிள்ளைகளும் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: விடையைச் சொல்லக்கூடாது, அடுத்த எழுத்தைக் காட்டலாம். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கும் இதில் நஷ்டம் இல்லை, அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் தனக்கே தெளிவாகும். வாரத்துக்கு ஒரு தலைவர். பாய் விரிக்க, தண்ணீர் வைக்க, எண்ணிக்கை எடுக்க அந்த வாரம் அவர் பொறுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே எப்போதும் கொடுக்கக்கூடாது. ஒரே ஆள் வருஷக்கணக்கில் பொறுப்பில் இருந்தால் குழுவில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

நான்காவது, திருப்பிச் செலுத்துதல். இது வாக்கு சம்பந்தப்பட்டது. வெள்ளிக்கிழமை கதை சொல்கிறேன் என்றால் தலைவலி இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நாம் வாக்குத் தவறினால் பிள்ளைகளிடம் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. விதிமுறையை அவர்களே போடட்டும். எங்கள் வகுப்பில் ஐந்து விதி, ஐந்தும் பிள்ளைகள் சொன்னது. சண்டை வந்தால் இரண்டு பேரும் பேச வேண்டும், ஒருத்தர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. அடிப்பது என்ற பேச்சே இல்லை. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே அப்படி என்றால் நம் பாயில் மட்டும் அடிக்கலாமா? ‘மக்கு’, ‘தண்டம்’ என்ற வார்த்தைகளை என் வகுப்பில் யாரும் சொல்லக்கூடாது. “நாலு போடு, அப்பத்தான் படிக்கும்” என்று சொல்கிற அம்மாக்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை ஏதாவது பயத்தில் இருக்கிறது, யாராவது தொந்தரவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் மூடி மறைக்க வேண்டாம். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

ஐந்தாவது, கணக்கு. ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரு வரி. மதிப்பெண் கிடையாது. ‘இரண்டெழுத்து வார்த்தை வந்துவிட்டது’, ‘கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுகிறாள்’ என்று எழுதி வைப்பேன். மாதம் ஒரு முறை அம்மாவிடம் காட்டுவேன். “எனக்கே படிக்கத் தெரியாது, என்கிட்ட காட்டி என்ன புண்ணியம்” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் குழு பாஸ் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சேமிப்பு, கடன், வட்டி, நிலுவை எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைக்கு வாசிப்பும் வரும், கணக்கும் வரும். உங்களுக்கும் உங்கள் கணக்கு தெரியும்.

படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் வகுப்பில் வேலை இருக்கிறது. இடுக்குப் புள்ளிக் கோலம் 7 முதல் 4 வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. தரையில் புள்ளி வைத்துக்கொண்டே கூட்டல் சொல்லிக்கொடுக்க உங்களைவிட நல்ல ஆசிரியர் யார்? கதை தெரியும், விடுகதை தெரியும், நாற்று நடும்போது பாடுகிற பாட்டு தெரியும். மாதம் ஒரு சாயங்காலம் வந்து உட்காருங்கள்.

இப்போது மனசில் இருக்கிற இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, இடம். இப்போது ஒரு வீட்டுத் திண்ணையில் நடத்துகிறோம். இடம் கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார், அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தெருவுக்குக் காலனிப் பிள்ளைகள் தயங்கித்தான் வருகிறார்கள். வந்தாலும் திண்ணையில் ஏறாமல் கீழ்ப்படியில் உட்காருகிறார்கள். ‘மேல வந்து உட்காருங்க’ என்று நான் கூப்பிட்டாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள். நம்ம குழுக்களில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார எத்தனை வருஷம் ஆச்சு என்று மூத்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளையும் அத்தனை வருஷம் காக்க வைக்க வேண்டுமா? கூட்டமைப்புக் கட்டடம் சாயங்காலத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. அது யார் வீடும் இல்லை, எல்லோருக்கும் பொது. அங்கே எந்தப் பிள்ளையும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு, தொடர்ச்சி. 1,000 ரூபாயை நேரத்தால் வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய் வரும். அதுவும் ஒரு திட்டத்தை நம்பி வருகிற தொகை. கல்யாணம், வேலை, பிரசவம் என்று தன்னார்வலர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒருத்தி நின்றால் இருபது பிள்ளையும் தெருவில்தான். குழுவில் ஊக்குநர் மாறினால் குழு கலைகிறதா? தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் இருப்பதால் அடுத்தவர் எடுத்து நடத்துகிறார். வகுப்புக்கும் அப்படி இரண்டாவது ஆள் வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்படுகிற பெண் பிள்ளைகளும் அப்போதுதான் வர முடியும். ஒருத்தி பாடம் சொல்லும்போது இன்னொருத்தி சின்னதுகளைப் பார்த்துக்கொள்வாள்.

அதனால் நான் கேட்பது மூன்று. கட்டடத்தின் சாவியைச் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் ஆகிற செலவைக் கூட்டமைப்பு ஏற்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு நாள் ஒரு உறுப்பினரை வகுப்புக்கு அனுப்ப வேண்டும், அவர்களிலிருந்து இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலையில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடுவதும் குழுப் பெண்கள்தான். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்தபோது ‘நம்மால் நேரத்துக்கு முடியுமா’ என்று பயந்தோம். இன்றைக்கு மணி அடிக்கும் முன்னால் தட்டு வைத்துவிடுகிறோம். காலையைப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பெரிய பாரம் இல்லை.

இந்த மூன்றையும் இன்றைய பொதுக்குழுவிலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லா உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கைநாட்டு வைத்துத் தொடங்கி இன்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அந்தக் கையெழுத்து இந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.