மருந்தின் பெயர் அறியும் உரிமை

(ஸ்பிரிங்வெளியில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வைத்தியம் படியாத எனக்கு மருந்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். மருந்தை விழுங்குகிறவனுக்கு உள்ள உரிமைதான்!

இடுப்பு வலியோடு இந்த மலையிறங்கிப் பதுளைக்குப் போகிறாள் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி. திரும்பும்போது அவள் கையில் மூன்று கடதாசி உறைகள். உள்ளே இருக்கும் குளிசைகளின் பெயர் என்ன? தெரியாது. எதற்காக? தெரியாது. எத்தனை நாளைக்கு? முடியும்வரை! கேட்டால் டொக்டர் கோபிப்பாரோ என்ற அச்சம். துணிந்து கேட்டாலோ மொழி குறுக்கே நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பில் ஏறிய தமிழ், மருந்து உறையில் ஏறத் தயங்குவதேன்?

இந்த அச்சம் நேற்றுப் பிறந்ததன்று. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம், தொழிலாளியின் வைத்தியத்தைக் கவனிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் மேல் சுமத்திற்று. கடமையென்று சட்டம் சொன்னது, லயத்துக்குத் தயவாக வந்து சேர்ந்தது. தயவாகக் கிடைப்பதைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கு நா எழும்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போயிற்று. கைகள் மாறின; நாம் கைகட்டி நிற்பது மாறவில்லை.

தோழர்களே, மருந்துத் துர்ப்பிரயோகம் பிறப்பது இந்த மௌனத்தில்தான். பெயர் தெரியாத குளிசை ஒருமுறை வலியை நிறுத்தினால், மறுமுறை வெற்று உறையைக் காட்டிப் பாமசியில் அதையே வாங்குகிறோம். அரைப்பேர் போட்டுவிடுவார்களே என்றஞ்சி, டைக்ளோபினாக்கை விழுங்கிவிட்டு மலையேறுகிறவர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அது வலியை அடக்கும். நெடுநாள் விழுங்கினால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். விவசாயத் தோழர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நமது மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் எத்தனையோ உழவர் குடும்பங்களைச் சிறுநீரக நோய் நலித்திருக்கிறது. அந்நோயின் காரணம் எதுவாயினும், நலிந்த சிறுநீரகத்துக்கு இத்தகைய வலிக் குளிசை கேடே செய்யும்.

காய்ச்சல் விட்டதும் அன்டிபயோட்டிக்கை நிறுத்தி, மிச்சத்தை அடுத்த காம்பிராப் பிள்ளைக்குக் கொடுப்பதும் இதே கதைதான். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் உரிய பிரிகாபலினை இளைஞர் போதைக்கு விழுங்குகிறார்கள். பிள்ளைகளை ஏசுகிறோம். துண்டில்லாமல் விற்ற முதலாளியோ கோயில் திருவிழாவில் முன்வரிசையில் இருக்கிறார்!

பெயரின் வலிமையை உணர்ந்தவர், ஊவாவின் பிபிலைக் குடும்பத்தில் வந்த பேராசிரியர் சேனக பிபிலை. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான அவர், கம்பெனி சூட்டிய வியாபாரப் பெயரை விட்டு, பொதுப்பெயரால் மருந்து வாங்க வேண்டும், எழுத வேண்டும் என்றார். பன்னாட்டுக் கம்பெனிகள் சீறின. 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பிறந்தது. அது இருந்தும் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குள் புகுந்தது. அந்த விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024இல் கைதானார். ஆகவே மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் உறங்கிவிட முடியாது.

நோயாளி தன் நோயையும் சிகிச்சையையும் அறியலாம், வேண்டாமென மறுக்கவும் செய்யலாம் என்று உலக வைத்தியச் சங்கம் 1981இல் லிஸ்பன் நகரில் பிரகடனம் செய்தது. டொக்டர்மாரே ஒப்புக்கொண்ட உரிமை இது.

அடுத்த கிளினிக் நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஐயா, மருந்தின் பெயர் என்ன? எதற்கு? எத்தனை நாள்? துண்டைப் பாமசியில் விட்டு வராதீர்கள். நோயில் விழுந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாதென்று தொழிற்சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்கட்டும். உறைகளில் தமிழில் எழுதித்தர இங்குள்ள ஆசிரியர் இருவர் இசைந்திருக்கிறார்கள். ஞாயிறு காலை பாடசாலையில் இருப்பார்கள். வீட்டில் கிடக்கும் பழைய குளிசைகளையும் எடுத்து வாருங்கள்.